முன்பணம் கொடுத்த சமாரியர்

நல்ல சமாரியரின் உவமையைக் கேட்டறியாத கத்தோலிக்கர் நம்மிடையே எவருமில்லை. மறையுரைகளில் அவருடைய பரிவு பேசப்படுகிறது. காயத்தில் வார்த்த எண்ணெயும் திராட்சை மதுவும் பேசப்படுகின்றன. குருவும் லேவியரும் விலகிப் போனது பேசப்படுகிறது. ஆனால் அவ்வுவமையின் இறுதியில் ஒரு பணக் கணக்கு உண்டு. அதை மட்டும் நாம் எளிதாகக் கடந்துவிடுகிறோம். மறுநாள் அந்த மனிதர் இரண்டு தெனாரியத்தை எடுத்துச் சாவடிப் பொறுப்பாளரின் கையில் வைக்கிறார். மேலும் செலவானால் திரும்பி வருகையில் தீர்ப்பதாக வாக்களிக்கிறார். ஒரு தெனாரியம் என்பது அந்நாளில் ஒரு கூலியாளின் ஒரு நாள் ஊதியம். பெருந்தொகையன்று, ஆனால் உரிய நேரத்தில், உரிய இடத்தில், முதலிலேயே கொடுக்கப்பட்ட தொகை.

அவர் காயமுற்றவனிடம் வருமானச் சான்றிதழ் கேட்கவில்லை. "முதலில் நீ செலவு செய், ரசீதைக் கொண்டுவா, ஆண்டு முடிவில் பார்ப்போம்" என்று சொல்லவில்லை. முதலில் பணம், பிறகு கணக்கு. இதுவே சமாரியரின் பொருளியல்.

இவ்வுவமையை இங்கு நாம் எடுத்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. சமாரியரின் பணியையே முறையாகக் கற்றுத் தம் வாழ்வின் தொழிலாக ஏற்க விரும்பும் இளையோர் ஆண்டுதோறும் ஜூன் மாதத்தில் நம் கல்லூரிகளின் வாயிலில் வந்து நிற்கிறார்கள். சமூகப்பணி முதுகலை, அதாவது எம்.எஸ்.டபிள்யூ. பயில வருபவர்கள் இவர்கள். இவர்களுக்கு நாடும் நாமும் செய்யும் உதவி சமாரியரின் முறைக்கு நேர்மாறாக இருக்கிறது என்பதே இக்கட்டுரையின் குற்றச்சாட்டு.

ஒரு தோட்டின் கதை

நாம் அறிந்த ஒரு மாணவி. தந்தை கல்குவாரித் தொழிலாளி. தாய் நூறு நாள் வேலைக்குச் செல்பவர். குடும்பத்தில் முதல் பட்டதாரி. இளங்கலையை நல்ல மதிப்பெண்ணுடன் முடித்தாள். பங்கில் மறைக்கல்வி கற்பித்தவள். ஊரில் குடிநோயால் சிதைந்த குடும்பங்களைக் கண்டு வளர்ந்தவள். ஆகவே சமூகப்பணி பயில விரும்பினாள். இடம் கிடைத்தது. கட்டணம் செலுத்தப் பத்து நாள் தவணை. அரசு உதவித்தொகைக்குத் தகுதி உண்டு என்று அலுவலகத்தில் சொன்னார்கள்; வந்தபின் எடுத்துக்கொள்ளலாம், இப்போது கட்டணத்தைச் செலுத்திவிடு என்றும் சொன்னார்கள். தாயின் தோடு அடகுக் கடைக்குப் போயிற்று. போதாததற்கு வட்டிக்கும் வாங்கினார்கள். உதவித்தொகை பிப்ரவரியில் வந்தது. அதற்குள் ஏறியிருந்த வட்டியை அது தீர்த்தது, தோட்டை மீட்கவில்லை.

அரசின் ஏட்டில் அவள் உதவி பெற்றவள். கல்லூரியின் ஏட்டில் கட்டணம் செலுத்தியவள். பங்கின் ஏட்டில் அவள் பெயரே இல்லை. மூன்று ஏடுகளும் சரியாகவே இருந்தன. தாயின் காது மட்டும் வெறுமையாய் இருந்தது.

நம் கையால் நட்ட மரம்

இப்படிப்பு நமக்கு அந்நியமானதன்று. 1936-இல் மும்பையில் சர் தொராப்ஜி டாட்டாவின் பெயரால் சமூகப்பணிப் பள்ளி தொடங்கியபோது அதன் முதல் இயக்குநராக இருந்தவர் கிளிஃபோர்டு மான்ஷார்ட் என்னும் அமெரிக்கக் கிறிஸ்தவ மறைப்பணியாளர். அப்பள்ளியே பின்னர் டாட்டா சமூக அறிவியல் நிறுவனமாக வளர்ந்தது. 1952-இல் மேரி கிளப்வாலா ஜாதவின் முயற்சியால் சென்னை சமூகப்பணிப் பள்ளி எழுந்தது. இலயோலா, ஸ்டெல்லா மாரிஸ் முதலிய நம் கத்தோலிக்கக் கல்லூரிகள் இத்துறைக்கு இடமளித்தன. அங்குப் பயின்றவர்கள் மருத்துவமனைகளிலும் சிறார் இல்லங்களிலும் மீனவக் குப்பங்களிலும் மலைக் கிராமங்களிலும் பணியாற்றுகிறார்கள். நம் மறைமாவட்டங்களின் சமூகப்பணி மையங்கள் இவர்களின்றி ஒரு நாளும் இயங்கா.

மரத்தை நட்டவர்கள் நாம். கனியைப் பறிப்பவர்களும் நாம். நீர் ஊற்ற வேண்டியது எவர் பொறுப்பு என்னும் கேள்வி எழும்போது மட்டும் நாம் அரசைக் கைகாட்டுகிறோம். ஆகவே அரசு என்ன தருகிறது என்பதை முதலில் பார்ப்போம்.

ஏட்டிலுள்ள உதவிகள்

பட்டியல் இனத்து மாணவர்க்கு மத்திய அரசின் மெட்ரிக் பிற்பட்ட உதவித்தொகை உண்டு. குடும்ப ஆண்டு வருமானம் 2.5 இலட்சம் ரூபாய்க்கு உட்பட்டிருக்க வேண்டும். செலவை மத்திய அரசு 60 விழுக்காடும் மாநில அரசு 40 விழுக்காடும் ஏற்பதென 2020-இல் முடிவாயிற்று. மாநிலத்தின் பங்கு விடுவிக்கப்பட்ட பின்னரே மத்தியப் பங்கு மாணவரின் வங்கிக் கணக்கிற்கு நேரே வந்து சேரும் என்பது 2021-22 முதல் வந்த நடைமுறை. இடைத்தரகு ஒழிந்தது என்ற அளவில் இது நன்று. ஆனால் இரண்டு கருவூலங்களும் ஒன்றன்பின் ஒன்றாகத் திறக்கும்வரை கல்லூரியின் கட்டண மேசை காத்திருப்பதில்லை.

கிறிஸ்தவத்தைத் தழுவிய தலித் மக்களின் பிள்ளைகளுக்கு அந்த மத்தியக் கதவும் அடைபட்டிருக்கிறது. 1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் இனத் தகுதியை இந்துக்களுக்கு வரையறுத்தது; 1956-இல் சீக்கியருக்கும் 1990-இல் பௌத்தருக்கும் அது விரிக்கப்பட்டது; கிறிஸ்தவரும் இஸ்லாமியரும் வெளியே நிறுத்தப்பட்டனர். 2022 அக்டோபரில் இதை ஆராய ஓர் ஆணையம் அமைக்கப்பட்டது. ஆணையங்கள் ஆராய்கின்றன, தலைமுறைகள் கடந்துபோகின்றன. தமிழ்நாடு அரசு மட்டும், கிறிஸ்தவராக மாறிய ஆதிதிராவிடர்களின் பிள்ளைகளையும் தன் உதவித்தொகைத் திட்டத்தில் சேர்த்து ஓரளவு நீதி செய்திருக்கிறது. அதற்கு நன்றி சொல்வது நம் கடமை. எனினும் அந்த உதவியும் ஜூனில் வருவதில்லை.

சிறுபான்மையினர்க்கான மெட்ரிக் பிற்பட்ட உதவித்தொகை 2007-இல் தொடங்கப்பட்டது. ஆண்டு வருமானம் 2 இலட்சத்திற்கு உட்பட்ட, முந்தைய தேர்வில் 50 விழுக்காடு பெற்ற மாணவர்க்கென வகுக்கப்பட்டது. 2021-22-க்குப் பிந்தைய ஆண்டுகளில் அதன் நீட்டிப்பு ஒப்புதலின்றி இழுபட்டது. முனைவர் பட்ட ஆய்வுக்குச் செல்லும் சிறுபான்மை மாணவர்க்குத் துணையாயிருந்த மௌலானா ஆசாத் தேசிய ஆய்வு உதவித்தொகை 2022-இல் நிறுத்தப்பட்டது. வரும் என்று நம்பி ஒரு திட்டத்தை எதிர்நோக்கலாம். வரும் என்று நம்பிச் சேர்க்கைக் கட்டணத்தைக் கட்டிவிட முடியாது.

பல்கலைக்கழக மானியக் குழு 2023-24-இல் தொடங்கிய முதுகலை உதவித்தொகை மாதம் 15,000 ரூபாய் என்று, ஆண்டுக்குப் பத்து மாதங்களுக்குத் தருகிறது. உண்மையாகவே வாழ்வை மாற்றக்கூடிய தொகை இது. ஆனால் நாடு முழுவதற்கும் எல்லாத் துறைகளுக்கும் சேர்த்து ஆண்டுக்குப் பத்தாயிரம் பேருக்கே இடம். தேர்வோ இளங்கலை மதிப்பெண்ணின்படி. கல்குவாரியிலிருந்து வந்த பிள்ளை எவரோடு போட்டியிடுகிறாள் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

தமிழ்நாட்டில் 2022-இல் தொடங்கிய புதுமைப்பெண் திட்டமும் 2024-இல் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டமும் மாதம் ஆயிரம் ரூபாய் தந்து எத்தனையோ ஏழை வீட்டுப் பிள்ளைகளைக் கல்லூரி வரை கொண்டுவந்திருக்கின்றன. அவை இளங்கலையோடு நின்றுவிடுகின்றன. முதல் பட்டதாரிக்கான கட்டணச் சலுகை பொறியியல், மருத்துவம் போன்ற இளநிலைத் தொழிற்படிப்புகளுக்கே உரியது. ஏணியின் முதற்படிகள் உறுதியாக இருக்கின்றன; முதுகலை எனும் படியில் கால் வைக்கும்போது ஏணி ஆடுகிறது.

கடன் என்னும் கதவு

"வங்கிகள் கல்விக்கடன் தருகின்றனவே!" என்று சிலர் சொல்லக்கூடும். தருகின்றன. நான்கு இலட்சம் ரூபாய் வரை ஈடு வேண்டாம் என்பதும், படிப்புக் காலத்திற்கும் அதற்குப் பின் ஓராண்டிற்கும் தவணை கட்டவேண்டாம் என்பதும் வங்கிகளின் பொது விதி. படிப்புக் கால வட்டியை அரசே ஏற்கும் திட்டம் 2009 முதல் உண்டு. குடும்ப வருமானம் 4.5 இலட்சத்திற்கு உட்பட்டிருக்க வேண்டும். படிப்பு தொழில்சார்ந்ததாக இருக்க வேண்டும். சமூகப்பணி தொழிற்படிப்பா, கலைப்படிப்பா என்னும் கேள்விக்கு மேசைக்கு மேசை வேறு விடை கிடைக்கிறது. மருத்துவருக்கும் வழக்கறிஞருக்கும் இருப்பதுபோல் சமூகப்பணியாளர் அனைவருக்குமான சட்டப்பூர்வ மன்றம் ஒன்று இந்நாட்டில் இல்லாததன் விலையை, கடன் விண்ணப்பத்தோடு நிற்கும் மாணவர் கொடுக்கிறார். 2024 நவம்பரில் ஒப்புதல் பெற்ற வித்யாலட்சுமி திட்டம் பிணையாளர் இன்றிக் கடன் தருகிறது. ஆயின் தேசியத் தரவரிசையின் அடிப்படையில் தேர்ந்த நிறுவனங்களுக்கே அது பொருந்தும். தொடக்கத்தில் அவை நாடு முழுவதிலும் 860. மாநகரத்துப் புகழ்பெற்ற கல்லூரியில் இடம் பெற்றவருக்கு அது நல்ல வாய்ப்பு. வட்டார நகரத்தின் சிறு கல்லூரியில் பயில்பவருக்கு அத்திட்டம் செய்தித்தாளில் படித்த செய்தியாகவே நின்றுவிடுகிறது.

சரி, கடன் கிடைத்துவிட்டது என்றே கொள்வோம். இரண்டு இலட்சம் ரூபாய். பத்து விழுக்காடு வட்டி. ஐந்து ஆண்டுத் தவணை. மாதந்தோறும் ஏறத்தாழ 4,250 ரூபாய் கட்ட வேண்டும். பொறியியல் படித்தவருக்கு இது ஒரு தொகையன்று. ஒரு தொண்டு நிறுவனத்தில் மாதம் 15,000 ரூபாய்க்குப் பணியேற்கும் சமூகப்பணியாளருக்கு இது ஊதியத்தில் கால் பங்குக்கும் மேல். மீதியில் வாடகை, உணவு, பேருந்து, வீட்டிற்கு அனுப்ப வேண்டிய பணம் எல்லாம் அடங்க வேண்டும்.

இங்கேதான் கடன் தன் மெய்யான வேலையைச் செய்கிறது. சமூகப்பணிப் படிப்பில் சமூக மேம்பாடு, மருத்துவ மற்றும் மனநலச் சமூகப்பணி, குடும்ப மற்றும் குழந்தைகள் நலம், மனிதவள மேலாண்மை என்று பிரிவுகள் உண்டு. கடனோடு வரும் பிள்ளை எதைத் தேர்ந்தெடுப்பாள்? ஆலையிலும் நிறுவனத்திலும் வேலை தரும் மனிதவளப் பிரிவையே நாடுவாள். அதில் குற்றம் ஏதுமில்லை. நேர்மையான பிழைப்பு அது. ஆனால் குப்பத்திற்குப் போக விரும்பி வந்தவளை நிறுவனத்தின் வாயிலுக்குத் திருப்பிவிட்டது அவளுடைய மனமாற்றம் அன்று, மாதத் தவணை. பின்பு நாம் கூட்டம் போட்டு வருந்துகிறோம்: இக்கால இளைஞருக்குத் தொண்டு மனம் இல்லையாம்! தொண்டு மனத்தை அடகு வைக்கச் செய்துவிட்டு, அது எங்கே என்று தேடுகிறோம்.

களப்பணியின் கணக்கு

மற்ற முதுகலைப் படிப்புகளுக்கு இல்லாத ஒரு செலவு இதற்கு உண்டு. வாரத்தில் இரண்டு நாள் களப்பணி. அதற்குமேல் ஊரக முகாம். இறுதியில் தொடர்ச்சியாக ஏறத்தாழ ஒரு மாதம் ஏதேனும் ஒரு நிறுவனத்தில் தங்கிப் பயிற்சி. இதுவே இப்படிப்பின் உயிர். இதைக் குறைக்க நாம் சொல்லவில்லை. ஆனால் செலவைக் கணக்கிட்டோமா? பேருந்துக்கும் மதிய உணவுக்கும் நாளொன்றுக்கு நூறு ரூபாய் என்றே வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு முப்பது வாரம் என்றால் ஆறாயிரம் ரூபாய், இரண்டாண்டில் பன்னிரண்டாயிரம். தமிழகத்தில் 2021 முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. அது இம்மாணவியருக்கு எத்துணைப் பேருதவி என்பதைக் கேட்டறியலாம். ஆனால் வெளியூர்ப் பயிற்சிக்கும் மாணவருக்கும் அச்சலுகை எட்டுவதில்லை. ஒரு மாதப் பயிற்சிக்கு வேற்றூரில் அறையெடுத்துத் தங்குவோரின் செலவு வேறு. கட்டண ரசீதில் இவை எவையும் இடம்பெறா; ஆகவே பெரும்பாலான உதவித்தொகைக் கணக்குகளிலும் இடம்பெறா.

படிக்கும்போதே பகுதிநேர வேலை பார்த்துச் சமாளிக்கலாமே என்றால், மற்ற மாணவர் வேலைக்குப் போகும் மாலை நேரத்தில் இவர்கள் களப்பணி அறிக்கை எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.

2018 பிப்ரவரியில் டாட்டா சமூக அறிவியல் நிறுவனத்தின் மும்பை, துளஜாபூர், ஹைதராபாத், குவஹாத்தி வளாகங்களில் மாணவர்கள் வகுப்புகளைப் புறக்கணித்துப் போராடினார்கள். அரசு உதவித்தொகைக்கு உரிய தலித், பழங்குடி மாணவர்களும் விடுதிக்கும் உணவுக்கும் கட்டணம் செலுத்த வேண்டும் என்று நிர்வாகம் விதித்ததே காரணம். நிதிப் பற்றாக்குறை என்றது நிர்வாகம். ஏழைகளைப் பற்றிப் பாடம் நடக்கும் வளாகத்திலேயே ஏழை மாணவர் தங்க இடமில்லாமல் போகக்கூடும் என்பதை நாடு அன்று கண்டது. அது தொலைவில் நிகழ்ந்த ஒன்று என்று நாம் ஆறுதலடைய முடியாது. அங்கு மாணவர் ஒன்றுகூடிக் குரல் எழுப்பினர். நம் ஊர்களில் தனித்தனியாகத் தோட்டை அடகு வைக்கின்றனர். வேறுபாடு அவ்வளவே.

நம் வீட்டுக் குற்றம்

இதுவரை அரசைப் பற்றியும் வங்கியைப் பற்றியும் பேசினோம். வாசகர்கள் தலையசைத்திருப்பார்கள். இனி நம்மைப் பற்றிப் பேசுவோம்.

மறைமாவட்டந்தோறும் சமூகப்பணி மையம் உண்டு. அங்குக் களப்பணிக்கு வரும் மாணவர் என்ன செய்கிறார்? வீடு வீடாகச் சென்று கணக்கெடுக்கிறார். மகளிர் குழுக் கூட்டங்களை நடத்துகிறார். பயனாளிகளின் கோப்புகளைத் திருத்துகிறார். நிதியளித்தோருக்கு அனுப்பும் அறிக்கையைத் தட்டச்சு செய்கிறார். அந்த அறிக்கையில் அவர் எடுத்த புகைப்படம் அச்சாகிறது. அவருக்கு மதிய உணவு கொடுத்தோமா? பேருந்துக் கட்டணம் கொடுத்தோமா? கொடுத்த மையங்கள் உண்டு, அவற்றை வணங்குகிறோம். கொடாதவற்றின் எண்ணிக்கையை அவரவர் மனச்சான்று அறியும்.

"கற்க வரும் பிள்ளைக்குக் கூலியா? நாம் கற்பிக்கிறோமே, அதற்கு அவரல்லவா தர வேண்டும்?" என்பர் சிலர். கற்பிக்கிறோம் என்பது உண்மையானால் அது நன்று. கூலி வேண்டாம், வழிச்செலவாவது கொடுங்கள் என்றுதான் கேட்கிறோம். நல்ல சமாரியரின் உவமை லூக்கா நற்செய்தியின் பத்தாம் அதிகாரத்தில் உள்ளது. அதே அதிகாரத்தின் தொடக்கத்தில் ஆண்டவர் எழுபத்திரண்டு பேரைப் பணிக்கு அனுப்புகிறார். பையும் பணமும் இன்றிச் செல்லுங்கள் என்று அவர்களுக்குச் சொன்னவர், அவர்கள் செல்லும் வீட்டார் அவர்களுக்கு உண்ணக் கொடுப்பது அருளிரக்கம் அன்று, உரிமை என்பதையும் சேர்த்தே சொன்னார். நாம் முதற்பாதியை மட்டும் மாணவருக்குப் போதிக்கிறோம்.

படித்து முடித்தோருக்கு நாம் தரும் ஊதியம் என்ன? திருத்தந்தை பதின்மூன்றாம் லியோ, நம் முன்னோர் வழக்கில் சிங்கராயர், 1891-இல் வெளியிட்ட 'ரேரும் நோவாரும்' சுற்றுமடலில், தொழிலாளி தன்னைத் தக்க முறையில் காத்துக்கொள்ளப் போதுமான ஊதியம் என்பது ஒப்பந்தத்திற்கும் மேலான இயற்கை நீதி என்று நிறுவினார். 2025 மே மாதம் தேர்ந்தெடுக்கப்பட்ட திருத்தந்தை பதினான்காம் லியோ தம் பெயரைத் தெரிந்துகொண்டதற்கு முதன்மைக் காரணமாக அம்மடலையே சுட்டினார். மே முதல் நாளில் தொழிலாளரான புனித யோசேப்புக்கு விழா எடுக்கிறோம். அடுத்த மாதம் நம் மையத்தில் பணியாற்றும் சமூகப்பணியாளரிடம், இது வேலையன்று, ஊழியம் என்கிறோம். ஊழியம் என்ற சொல்லைக் கேட்டு வீட்டுக்காரர் வாடகையைக் குறைப்பதில்லை. வங்கி தவணையைத் தள்ளுவதில்லை.

நம் கல்லூரிகளைப் பற்றியும் ஒரு சொல். அரசு தர வேண்டிய பணம் வராததால் கல்லூரிக்கும் நெருக்கடி உண்டு, ஆசிரியருக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும், அதை மறுக்கவில்லை. ஆனால் அரசு செலுத்தாத கடனுக்கு மாணவரின் தேர்வு நுழைவுச்சீட்டைப் பிணையாக வைப்பது எந்த அறத்தில் அடங்கும்? கடன்பட்டவர் ஒருவர், தண்டனை பெறுபவர் வேறொருவர். சிலுவை பொறித்த வாயிலுக்குள் இது நடக்கக்கூடாது.

இறுதியாக, பொதுநிலையினராகிய நம்மைப் பற்றி. கோயில் கோபுரத்திற்கும் கொடிமரத்திற்கும் தேருக்கும் நாம் மனமுவந்து அள்ளிக் கொடுக்கிறோம். கொடுத்தவர் பெயர் கல்லில் பொறிக்கப்படுகிறது. திருவிழாவை நாம் இகழவில்லை. ஊரை ஒன்றுசேர்ப்பது அது. ஆனால் அதே ஊரில் ஒரு பிள்ளை ஜூன் மாதத்தில் கட்டணமின்றி நின்றபோது நாம் சொன்னது என்ன? "அரசுதான் தருகிறதே!" என்றோம். தலித் குடும்பத்துப் பிள்ளையாயின் அதை இன்னும் எளிதாகச் சொன்னோம். 2016-இல் இந்திய ஆயர் பேரவை தலித் மக்களின் ஆற்றல்படுத்தலுக்கென ஒரு கொள்கை ஆவணத்தையே வெளியிட்டது. அதைப் பங்கு மன்றக் கூட்டத்தில் ஒருமுறையேனும் வாசித்த பங்குகள் எத்தனை?

செய்யத்தக்கவை

குற்றஞ்சாட்டுவது எளிது, ஆகவே வழியையும் சொல்லிவிடுகிறோம். புதிதாக ஒரு கல்வி உதவித்தொகையைத் தொடங்குங்கள் என்று நாம் கேட்கவில்லை. இருக்கின்ற உதவி வந்து சேரும்வரை இடைவெளியை அடையுங்கள் என்றே கேட்கிறோம்.

முதலாவது, பங்குதோறும் ஒரு முன்பண நிதி. ஜூன் மாதத்தில் பங்கு, மாணவரின் கட்டணத்தைக் கல்லூரிக்கு நேரே செலுத்தட்டும். அரசு உதவித்தொகை வந்ததும் மாணவர் அதைத் திருப்பிச் செலுத்தட்டும்; வட்டியில்லை. திரும்பிய பணம் அடுத்த ஜூனில் வேறொரு பிள்ளைக்குப் போகும். பணத்திற்கு எங்கே போவது என்பீர்கள். இருநூறு குடும்பங்கள் வாரத்திற்குப் பத்து ரூபாய் கொடுத்தால் ஆண்டுக்கு 1,04,000 ரூபாய். ஒரு தேநீரின் விலை. உதவித்தொகை வராமலே போனால் என் செய்வது? அந்த இழப்பைப் பங்கு தாங்கட்டும். இருநூறு குடும்பங்கள் தாங்க அஞ்சுவதைக் கல்குவாரிக் குடும்பம் ஒன்று தனியே தாங்கிக்கொண்டிருக்கிறதே!

இதை நடத்துவது எவர்? புதிய சபை வேண்டாம். புனித வின்சென்ட் தே பவுல் சபை நம் பங்குகள் பலவற்றில் இருக்கிறது. அதை 1833-இல் பாரிசில் தொடங்கிய பிரெடெரிக் ஓசானம் அப்போது இருபது வயது மாணவர். மாணவர்கள் தொடங்கிய சபை மாணவர்க்கு உதவுவது அதன் பிறப்புரிமை. உதவி பெறுவோரின் பெயர் பீடத்திலிருந்து வாசிக்கப்படக்கூடாது. அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படக்கூடாது. சாவடியில் கிடந்தவனின் பெயரை நற்செய்தியாளர் எழுதவில்லை என்பதை நினைவில் கொள்வோம்.

இரண்டாவது, நம் சமூகப்பணி மையங்கள் களப்பணிக்கு வரும் மாணவருக்குப் பேருந்துக் கட்டணமும் மதிய உணவும் தரட்டும். ஒரு மாதப் பயிற்சிக்கு வருவோருக்குத் தங்க இடமும் சிறு படியும் தரட்டும். திட்ட வரைவு எழுதும்போதே அதற்கு ஒரு வரி சேர்த்தால் போதும். 2017 முதல் கொண்டாடப்படும் வறியோர் உலக நாளின் காணிக்கையில் ஒரு பகுதியை இதற்கென ஒதுக்கலாம்.

மூன்றாவது, நம் கல்லூரிகள், உதவித்தொகைக்கு விண்ணப்பித்து விடைக்குக் காத்திருக்கும் மாணவரைக் கட்டண பாக்கிக்காகத் தேர்விலிருந்தும் சான்றிதழிலிருந்தும் விலக்குவதில்லை என்று வெளிப்படையாக அறிவிக்கட்டும்.

நான்காவது, பங்கில் உள்ள ஆசிரியர்களும் ஓய்வுபெற்ற அலுவலர்களும் கணினி அறிந்த இளைஞரும் மே, ஜூன் மாதங்களில் ஞாயிறு திருப்பலிக்குப் பின் ஒரு மணி நேரம் மேசை போட்டு அமரட்டும். சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், ஆதார் இணைந்த வங்கிக் கணக்கு, கல்லூரியின் உறுதிச் சான்று ஆகியவற்றைச் சரிபார்த்து விண்ணப்பத்தை நிரப்பித் தரட்டும். தந்தையின் பெயரில் ஓர் எழுத்து ஆதாரில் ஒன்றாகவும் மதிப்பெண் பட்டியலில் வேறாகவும் இருந்தால் விண்ணப்பம் திரும்பிவிடுகிறது. அந்த ஓர் எழுத்தைத் திருத்திக் கொடுப்பதும் இரக்கச் செயலே. இதற்குப் பணம் வேண்டாம், பொறுமை போதும்.

ஒரு கடைசி மறுப்பு இருக்கிறது; அதையும் கேட்டுவிடுவோம். "நம் பணத்தில் படித்துவிட்டு நாளை ஏதேனும் நிறுவனத்திற்குப் போய்விட்டால்?" போகட்டுமே. சமாரியர் சாவடியை விட்டுப் புறப்படும்போது, குணமானபின் நீ எங்கே போவாய் என்று காயமுற்றவனிடம் உறுதிமொழி வாங்கவில்லை. ஆயினும், கடனில்லாமல் படித்து முடித்த பிள்ளைகளில் பலர் தாம் விரும்பி வந்த இடத்திற்கே போவார்கள் என்பது நம் நம்பிக்கை. இன்று அவர்களுக்கு அந்த உரிமையே இல்லை.

எரிகோவுக்குச் செல்லும் பாதை இன்னும் நீண்டுகிடக்கிறது. அதில் விழுந்து கிடப்போரைத் தூக்கப் பழகுகின்ற கைகள் நம் வீடுகளிலேயே வளர்கின்றன. அந்தக் கைகளுக்கு உரியவர்கள் வரும் ஜூன் மாதத்தில் நம் பங்கு அலுவலகத்தின் முன்னும் வந்து நிற்பார்கள். அன்று நாம் ரசீது கேட்கப் போகிறோமா, இரண்டு தெனாரியத்தை எடுக்கப் போகிறோமா என்பதை இன்றே முடிவு செய்வோம். ஜூனுக்குப் பின் எடுக்கும் முடிவு, பிப்ரவரியில் வரும் உதவித்தொகையைப் போன்றதே.